கன்னத்தில் ஒரு கராம்பு

நாகலெட்சுமி தன் இருமலைப் பதினொரு வருடம் ஒளித்து வைத்திருந்தாள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில் அவளுக்கு வேலை. அங்கே மூக்கு நிறையத் தூசி. குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பினால் அடுப்புப் புகை. விடிந்ததும் கழிவுநீர்க் கானோரம் குந்தி, விலா எலும்பு நோக இருமித் தீர்த்த பிறகுதான் அவளால் நிமிர முடியும். அந்நேரம் லயத்தின் பத்துக் காம்பிராவிலும் அதே சத்தம்தான். சளி பிடித்திருக்கிறது என்பார்கள். வருடம் முழுக்கவா சளி என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் காலையில் ஸ்டோர் வாசலில் பெரட்டு நிற்கும்போது, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சிவசாமி ஒவ்வொருத்தியின் பெயராகக் கூப்பிடுகிற நேரம் மட்டும் ஒரு செருமல்கூட வராது. சலிக்கிற பெண்கள் ஆளுக்கொரு கராம்பைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார்கள். அந்தக் காரம் கால்மணி நேரம் தொண்டையைக் கட்டிப்போடும்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஒருநாள், கூடச் சலிக்கிற மீனம்மாவின் கராம்பில் காரம் முந்தித் தீர்ந்துவிட்டது. இருமிவிட்டாள். காசநோய், கசம் என்று சொல்லி அன்றே அவள் பேரை வெட்டினார் டீமேக்கர். லயத்திலும் அவள் செம்பை யாரும் தொடவில்லை.

நாகலெட்சுமிதான் அவளை பஸ் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பேருக்கும் நெஞ்சைப் படம் பிடித்தார்கள், சளியைச் சோதித்தார்கள். கசம் இல்லை; தூசியும் புகையும் செய்த வேலை என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். டீமேக்கர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கசமோ இல்லையோ, இருமுகிறவளுக்கு ஸ்டோரில் இடமில்லை என்றுவிட்டார்.

மறுநாள் பெரட்டில் தன் பெயர் வந்ததும் நாகலெட்சுமி முன்னால் போனாள். கன்னத்துக் கராம்பை எடுத்து, விரித்திருந்த பேர்ப் புத்தகத்தின் மேல் வைத்தாள். பிறகு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அந்த வாசலில் நின்று ஆசை தீர இருமினாள்.

"இருமுறவ பேர வெட்டணும்னா எம்பேர மொதல்ல வெட்டுங்க ஐயா. ஆனா எத்தன பேருன்னு எண்ணிட்டு வெட்டுங்க."

டீமேக்கர் பேனாவை எடுத்தார். அதற்குள் பூரணி வந்து தன் கராம்பை வைத்தாள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவளும். அந்தோனியம்மா மட்டும் தயங்கி நின்றாள்.

"எங்கிட்ட இஞ்சித் துண்டுதாங்க இருக்கு. சேத்துக்குவீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, வாசல் முழுக்க இருமல். பத்தொன்பது பேரில் பதினாறு பேர். உள்ளே முந்தின நாள் காய்ந்த தேயிலை சலிக்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தது. டீமேக்கர் அதைப் பார்த்தார், பேனாவை மூடினார், கராம்புகளைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"மீனம்மாவ நாளைக்கி வரச் சொல்லு" என்றார், யார் முகத்தையும் பாராமல்.

இருமல் குணமாகவில்லை. அறையில் தூசியும் குறையவில்லை. அதற்காக நாகலெட்சுமி பிறகும் பல தடவை சண்டை போட்டாள். ஆனால் எண்பத்தாறில் வேலையை விட்டு நிற்கும்வரை, பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டால் முதலில் ஒரு முழு இருமல் வரும். அது முடியும்வரை டீமேக்கர் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் "இருக்கேங்க" என்பாள்.