கழுவாத பாட்டில்

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் சுத்தக்கா. பதினோரு வருடமாக ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டைக் கூட்டித் துடைப்பவள். அவள் துடைத்த தரையில் கால் வைக்கப் பெரிய டாக்டரே பயப்படுவார் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். கேலி என்று தெரிந்தும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சிலருக்குக் கழுத்தில் நகை, சிலருக்குப் பிள்ளை வாங்கும் மார்க்கு. அவளுக்கு இந்தப் பெயர்.

அவளுடைய ஆயுதம் ஒரு ஸ்பிரே பாட்டில். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். தினமும் பழையதைக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் காய வைத்து, இரண்டு மூடி கிருமிநாசினிக்குத் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும் என்று மருந்து டப்பாவின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. அவள் கணக்கு வேறு. பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறதா, ஒரு மூடி போதும். மீதி ஒரு மூடிதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே! கழுவுவது எதற்கு?

"சோப்புக்கு யாராவது சோப்பு போடுவாங்களா?" என்பாள். நர்ஸுகளும் சிரித்தார்கள். மற்ற வார்டுகளில் துடைக்க வந்த பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் வேலை பழகினார்கள். இந்தக் கணக்கும் சேர்ந்தே போனது.

வினை ஒன்பதாம் நம்பர் கட்டிலில் ஆரம்பித்தது. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட தையல்காரர் அங்கே படுத்திருந்தார். ஆறாம் நாள் காயத்தில் சீழ் வைத்தது. அந்த வாரமே நாலாம் கட்டில், அடுத்து பதினொன்று. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டார்கள். எதற்கும் மசியவில்லை.

சுத்தக்கா இதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டாள். தன் வார்டில் கிருமியா? ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். தையல்காரரின் கட்டில் கம்பியையும் மேஜையையும் மணி அடிக்கும் பொத்தானையும் நாளுக்கு மூன்று தடவை கூடுதலாகத் துடைத்தாள்.

"தேய்ச்சு தேய்ச்சு கட்டிலே கரைஞ்சிடும் போலிருக்கே, சுத்தக்கா" என்றார் தையல்காரர்.

"கரைஞ்சா கரையட்டும். உங்க கால் ஆறணும்."

பிறகு லேப் ஆட்கள் வந்து குழாய், தள்ளுவண்டி, ஸ்பிரே பாட்டில் என்று ஒன்று விடாமல் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த லேபில் டெக்னீஷியனாக இருப்பது அவளுடைய கொழுந்தன்தான். நாலாம் நாள் காலை, டீ நேரத்தில், துடைப்பமும் வாளியும் இருக்கும் அறைக்கு வந்தான். வந்தவன் கதவைச் சாத்தியதும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"அண்ணி, சிவப்பு நூல் கட்டின பாட்டில் உங்களோடதுதானே?"

"ஆமா. நூலை அவுத்துட்டாங்களா?"

"மூணு பேர் புண்ணுல இருக்கற அதே கிருமி அதுலயும் இருக்கு."

அவள் சிரித்தேவிட்டாள். "அது மருந்துப் பாட்டில், தம்பி. அதுல எப்படிக் கிருமி இருக்கும்?"

"நீங்க எப்படிக் கலப்பீங்க?"

சொன்னாள். ஒரு மூடிக் கணக்கைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சுத்தம்!" என்றான்.

எத்தனையோ பேர் வாயால் கேட்ட சொல். திட்டாக வந்து விழுந்தது அன்றைக்குத்தான்.

அவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "கலந்து வச்ச மருந்து நாளாக நாளாக வீரியம் கொறஞ்சிடும் அண்ணி. பாட்டிலுக்கு அடியில வழவழன்னு ஒரு படலம் புடிச்சிருக்கு. நீங்க ஒரு மூடி ஊத்தினதும் முக்கால்வாசி செத்துடும். கிருமிங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. உள்ள வர்ற மருந்தை வெளிய துப்பத் தெரிஞ்சது ஒண்ணு ரெண்டு இருக்கும். அது மட்டும் படலத்துக்குள்ள பொழச்சுக்கும், ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மறுநாள் காலைல பாட்டில் முழுக்க அதோட பிள்ளைங்கதான். திரும்ப ஒரு மூடி ஊத்துவீங்க. அதுலயும் கெட்டியானதுதான் மிஞ்சும்."

"அப்போ இத்தனை நாள் நான் கொன்னது?"

"சோப்ளாங்கிகளை. வீரனை நீங்களே பால் ஊத்தி வளத்துட்டீங்க. அது இப்போ ஆன்டிபயாடிக்கையும் அதே மாதிரி துப்புது."

கட்டில் கம்பி, மேஜை, மணிப் பொத்தான். மூன்று தடவை கூடுதலாக. அந்த மனிதர் கம்பியைப் பிடித்து எழுந்து, அதே கையால்தான் காயத்துக் கட்டின் ஓரத்தைச் சொறிந்துகொள்வார். கால் ஆற வேண்டும் என்று துடைத்துத் துடைத்து, ஆறாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

கொழுந்தன் குரலைத் தணித்தான். "ரிசல்ட்டை இன்னும் யாருக்கும் அனுப்பல. நீங்க நூலை அறுத்துட்டு, பாட்டிலை வெந்நீர்ல நல்லா கழுவிடுங்க. மறுபடி மாதிரி எடுத்தா ஒண்ணும் வராது. மொதல்ல தப்பா வந்துடுச்சுன்னு எழுதிடறேன். வேலை போயிடும், அண்ணி."

"மத்த வார்டு பாட்டில் எல்லாம்?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டுல படலம் புடிக்க ஆரம்பிச்சிருக்கு."

அவன் போன பிறகு அவள் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். ஆவி வந்தது. பாட்டிலின் மூடியில் விரல் வைத்தாள். அழுக்கான பொருள் கையில், தண்ணீர் எதிரில். இப்படி நின்று கழுவாமல் போனது அவள் வாழ்க்கையில் கிடையாது. கை பரபரத்தது. கழுவிவிட்டால் பெயர் நிற்கும், வேலை நிற்கும். அந்த இரண்டு வார்டிலும் ஒரு மூடிக் கணக்கும் நிற்கும்.

குழாயை மூடினாள்.

தலைமை நர்ஸின் மேஜை மேல் பாட்டிலை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இது என்னோடது சிஸ்டர். மூணு பேருக்கும் இதுலேர்ந்துதான் வந்திருக்கு. எல்லாருக்கும் இப்படிக் கலக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். கழுவல. கழுவாமத்தான் கொண்டு வந்திருக்கேன்."

விசாரணை நடந்தது. பதினோரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தவர்களையும் கேள்வி கேட்டார்கள். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் வார்டுக்குள் இனி போகக் கூடாது. கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். எல்லா வார்டுகளின் பாட்டில்களும் தினமும் அங்கே வரும். கழுவி, கவிழ்த்து, காய வைத்து அனுப்ப வேண்டும். சுத்தக்கா என்று கூப்பிட அங்கே ஆளில்லை. நாலாம் கட்டிலும் பதினொன்றும் தேறி வீட்டுக்குப் போனதைக் கொழுந்தன்தான் வந்து சொன்னான். தையல்காரருக்கு இரண்டாவது ஆபரேஷன் ஆனதையும் அவன்தான் சொன்னான்.

வீட்டுக்குப் போகிற நாளில், தையல்காரர் கைத்தடி ஊன்றிக்கொண்டு அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதானாமே?"

"ஆமாங்க."

"முட்டி இனிமே மடங்காதாம். மெஷினை ஒத்தக் காலாலதான் மிதிக்கணும்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவர் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, தன் உள்ளங்கைக்கு மேல் தலைகீழாகப் பிடித்தார். உதறிப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"இது எந்த வார்டுக்கு?"

"நீங்க இருந்த வார்டுக்குத்தான்."

அவர் இன்னொரு தடவை உதறினார். பிறகு, அது இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.