கல்யாணத்துக்குச் சாட்சி தேடி சாங்கி வரை

துணைவர் விசாவுக்குப் படிவம் நிரப்பும் பிள்ளைகள் சிலர், "அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்க?" என்று எழுதிக் கேட்கிறார்கள். நானும் என் கணவரும் அலைந்தது 1961இல். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவரிடம் நான் கப்பலில் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு நான் தங்கும் அனுமதி முடிகிறது. நீட்டிக்காவிட்டால் அடுத்த கப்பலில் நான் மட்டும் ஊர் திரும்ப வேண்டும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆற்றோரத்துக் குடிநுழைவு அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தோம். கடப்பிதழில் என் பெயர் வள்ளியம்மை. கல்யாணப் பத்திரிகையிலோ கல்யாணி. பெயர்ப் பொருத்தம் இல்லையென்று சோதிடர் மாற்றிய பெயர் அது. சரி, கல்யாணப் போட்டோவைக் காட்டலாம் என்றால், அதில் வழக்கப்படி தலைகுனிந்து நிற்கிறேன். நெற்றிச்சுட்டிக்குக் கீழே மாலைதான் தெரிகிறது.

"யார் இந்தப் பொண்ணு?" என்றார் சீன அதிகாரி. அவருக்கு மொழிபெயர்த்த தமிழ் எழுத்தர், "கல்யாணத்தை நேர்ல பார்த்த ஆள் யாராச்சும் சிங்கப்பூர்ல இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஒரே ஒருவர் இருந்தார். என் கணவரின் பெரியப்பா மகன் மாணிக்கம். எங்கள் கல்யாணத்தில், பங்காளிகளில் மூத்தவரான தனக்குக் கொடுக்காமல், ஒரு கான்ட்ராக்டருக்கு முதல் தாம்பூலம் கொடுத்துவிட்டார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்து போனவர். அதன்பிறகு இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு சாங்கிக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு மைல், இரண்டு பஸ், ஆளுக்கு நாற்பது காசு. சிராங்கூன் ரோடுதான் முழு ஊரும் என்று நினைத்திருந்தவள் நான். காத்தோங் தாண்டியதும் வலப்பக்கம் கடல் திறந்துகொண்டது. அப்புறம் தென்னந்தோப்பு, தோப்பு முடிந்தால் மறுபடி கடல். சாங்கியில் இறங்கி நிற்கையில், கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு விமானம் தலைக்குமேல் தாழ்ந்து போனது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன். இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

மாணிக்கம் விமானத் தளத்துச் சரக்குக் கிட்டங்கியில் வேலை செய்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்குள் சாட்சி சொல்ல வேண்டும் என்று என் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

"காகிதம் வேணும்னாதான் அண்ணன் ஞாபகம் வருமா?"

நான் தட்டை நீட்டினேன். "முதல் தாம்பூலம் உங்களுக்குத்தான் அத்தான். எடுத்துக்குங்க."

தட்டைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். தட்டைத் தொடவில்லை. அவர் வருவாரா என்று திரும்பும் வழியெல்லாம் கணவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே வெள்ளைச் சட்டையில் அலுவலக வாசலில் வந்து நின்றார். "இதே பொண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று எழுத்தர் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தது.

"தாலி கட்டும்போது இதுக்கு வலது காது தோடு கழண்டு விழுந்துச்சு. நான்தான் குனிஞ்சு எடுத்துக் கொடுத்தேன். அழுத முகத்தோட நிமிர்ந்து பார்த்துச்சு, ஒரு வார்த்தை பேசல. பேரை மாத்துன சோசியருக்கு ரெண்டு தடவை பாயசம் ஊத்துனாங்க லா, எனக்கு ஒரு தடவைகூட வரல!"

தோடு விழுந்தது எனக்கு நினைவிருந்தது. அழுத கண்ணுக்கு எடுத்துத் தந்தவர் முகம் தெரியவில்லை; அது இவர்தான் என்று அந்த அலுவலகத்தில்தான் தெரிந்தது. என்ன மனிதர் இவர் என்று மலைத்துப்போனேன். அதிகாரியே சிரித்துவிட்டார். கடைசியாக, "உங்களுக்கு இவங்க என்ன உறவு?" என்று கேட்டார்கள்.

மாணிக்கம் என் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, தம்பி பொண்டாட்டி. எழுதிக்குங்க."

முத்திரை விழுந்த சத்தத்தில் அழுதுவிட்டேன்.

பிள்ளைகளே, எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்கட்டும். கல்யாணப் போட்டோ ஒன்றிலாவது நிமிர்ந்து நில்லுங்கள். சாட்சி தேவைப்பட்டால், உங்கள் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போனவரை முதலில் போய்ப் பாருங்கள். வயிறாரச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது.