பத்துப் பொருத்தமும் இல்லாத படப் பலகை

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. நான் கல்யாணமாகித் திண்டிவனம் பக்கத்திலிருந்து, பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த ஊருக்கு வந்தவள். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை நின்றபோது, கடைக்கார அண்ணன் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். திரும்பி வந்த கேசட்டை டெக்கில் போட்டு ஆரம்பத்துக்குச் சுற்றி, துடைத்து, அலமாரியில் அடுக்க வேண்டும். புது ஆள் வந்து பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் என் ஸ்டூலை அலமாரிக்குப் பின்னால் போட்டுக் கொடுத்திருந்தார்.

கடையில் இருந்ததே நூறு கேசட்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி இன்னொண்ணு" என்று கேட்பார்கள். அதே மாதிரிக்கு எங்கே போவது? அண்ணன் கைக்கு வந்ததை எடுத்து, "அதே மாதிரிதான்" என்று நீட்டிவிடுவார். ஒரு மீன்கார அம்மா முருகன் படம் பார்த்து உருகிப்போய் வந்தார். அவருக்கு ஒரு ராஜா காலத்துச் சண்டைப் படம் போனது. மறுநாள் கூடையைக் கடை வாசலில் இறக்கிவிட்டுச் சத்தம் போட்டார்.

"இன்னாப்பா குடுத்த? விளக்கேத்திட்டு குடும்பத்தோட உக்காந்தா, ஒருத்தன் தலைய ஒருத்தன் வெட்டுறான்!"

"அதுலயும் வேல் இருந்துச்சு இல்லம்மா?"

"வேல் வச்சிருந்தா முருகனா? எங்க ஊட்டுல தூண்டில் இருக்குது, நான் இன்னா மீனா?"

அண்ணனுடைய தங்கை அப்போது கடையில் இருந்தாள். எஸ்எஸ்எல்சி முடித்த பெண், வாய்க்காரி. விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, பொருத்தமே இல்லன்னு நாமளே எழுதி மாட்டிட்டா? அப்புறம் யாரு சண்டைக்கு வருவா?" என்றாள். அப்படித்தான் பலகை பிறந்தது.

ஒரு பழைய கதவுப் பலகைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். மேலே 'பத்துப் பொருத்தமும் இல்லை' என்று தலைப்பு. எழுதியது நான். என் எழுத்து கோணல் என்றாலும் பெரிதாக, குண்டாக இருக்கும், தெருவிலிருந்து படிக்கலாம் என்று அவள்தான் சாக்பீஸைக் கையில் திணித்தாள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அண்ணன் தேங்காய் உடைத்தார். "கடை தொறந்தப்பகூட நான் தேங்கா உடைக்கலடி" என்று தங்கையைத் திட்டிக்கொண்டே உடைத்தார்.

முதல் நாள் எழுதியது இது: 'அம்மன் படம் பார்த்து அழுதவர்களுக்கு: கராத்தே படம். பொருத்தம்: இரண்டிலும் கை அதிகம்.' அடுத்த நாள்: 'மாமியார் கொடுமைப் படம் பிடித்தவர்களுக்கு: சுறாமீன் படம். பொருத்தம்: பல்.' பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போன கேசட் நாலைந்து இருந்தது. அவை நம் டிவியில் கலர் இல்லாமல்தான் ஓடும். அதற்கு அவள் சொல்லி நான் எழுதினேன்: 'ஊமைப் படம் பிடித்தவர்களுக்கு: பிரெஞ்சுப் படம். பேசுவார்கள், ஆனாலும் அதேதான்.'

பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கையெழுத்தைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டேன். என்னால் ஒரு தெரு சிரிக்கும் என்று யார் நினைத்தது?

அந்தச் சமயத்தில் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. உப்பளத்துக் குடும்பம். மாப்பிள்ளை பிரான்சில் வேலை, அவளையும் அங்கே கூட்டிப்போவான். முதலில் போட்டோ வந்தது. கோட்டு, தொப்பி, கழுத்தில் கம்பளித் துணி, ஆள் துரை மாதிரி இருந்தான். பிறகு லீவில் நேரில் பெண் பார்க்க வந்தான். வேட்டி, எண்ணெய் வழிகிற தலை, வாய் நிறைய வெற்றிலை. "அக்கா, நான் எந்த ஆளக் கட்டிக்கப் போறேன்?" என்று அவள் என்னிடம் கேட்டுச் சிரித்தாள். ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. தினமும் போட்டோவை எடுத்துப் பார்ப்பாள். மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டான். இங்கே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துப் புடவையும் எடுத்தாயிற்று.

அவளைக் கேலி பண்ண வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதுவரை எல்லாம் அவள் சொல்லி நான் எழுதியது. அன்று காலை யாரும் வருவதற்கு முன்னால், நானாக யோசித்து ஒன்றை எழுதினேன். என் வாழ்நாளில் நானாகச் சொன்ன முதல் வேடிக்கை அது. 'பிரான்ஸ் மாப்பிள்ளை பிடித்தவர்களுக்கு: இரட்டை வேடப் படம். பொருத்தம்: அங்கே ஒரு ஆள், இங்கே ஒரு ஆள்.'

அவள் வந்து படிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனாராம். அண்ணன் வெளியே போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். டெக்கில் ஒரு கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரு எழுதுனது இத?" அவர் முகம் வெளுத்திருந்தது.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு சொன்னா உங்களுக்கு? தெருவுல எழுதி மாட்டுற அளவுக்கு ஆயிடுச்சா? ஆமா, எங்க புள்ளைக்கு மேரின்னு ஒண்ணு இருக்குது, ஊட்டுல ஒண்ணு. அதுக்கு இன்னா இப்போ? இந்த ஊர்ல எத்தன பேருக்கு இல்ல? கல்யாணத்துக்குள்ள மேரிய முடிச்சுடுவோம்னு எங்க ஊட்டுக்காரரு அலையறாரு. அதுக்குள்ள ரெட்டை வேடமாம் ரெட்டை வேடம்! அழிம்மா அத மொதல்ல!"

நான் ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பாலேயே அழித்தேன். அவர் போய்விட்டார். கேசட் சுற்றி முடிந்து 'டக்'கென்று நின்றது.

மேரி என்று ஒருத்தி. நான் விளையாட்டாக எழுதியது நிஜமாகிவிட்டது. அண்ணன் வந்ததும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் பூவும் பழமும் வாங்கிய பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா கேட்டியாம்மா? மேரின்னா சொன்னாங்க?"

"மேரின்னு ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்கண்ணா. இவள ஊட்டுக்குன்னு சொன்னாங்க."

தங்கை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"தெரியாதுடி. சத்தியமா உன்ன கேலி பண்ணத்தான் எழுதுனேன்."

"தெரியாம எப்படி சரியா எழுதுவீங்க?"

அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. பெண் வீட்டுக்காரர் கௌரவமாக என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஜோசியர் மறுபடி பார்த்தார், ரச்சுப் பொருத்தம் தட்டுகிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். ஜாதகம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். உப்பளத்துக்காரர்களும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காதது எங்களுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

தெருவில் விஷயம் கசிந்தது. அந்த மீன்கார அம்மா நேராக அலமாரிக்குப் பின்னாலேயே வந்து, "எம்மருமவனுக்கு இன்னா படம்னு ஒண்ணு எழுதேன், பாக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டார். குறி கேட்க வந்த மாதிரி கும்பிட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கே பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தங்கைக்கு நாலு வருடம் கழித்து விழுப்புரத்தில், மனைவியை இழந்த ஒருவரோடு கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அவள் அதற்குப் பிறகு அதிகம் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, இறப்புச் சான்றிதழுக்காக முனிசிபாலிட்டிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதானவர், பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்குகிறவர். யாரோ அவரை எங்கே வந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"மேரிக்கு வந்தேம்ப்பா. எனக்கு மேரில ஒண்ணு இருக்குது, ஊட்டுல ஒண்ணு இருக்குது. பொறந்த தேதியத்தான் சொல்றேன். மாத்தித் தர மாட்டேங்கறான்."

மேரி என்றால் யார் என்று அவரிடமே கேட்டேன், எனக்கே எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர் சிரித்தார். "யாரா? இந்த ஆபீஸ்தாம்மா மேரி. பிரெஞ்சுல இதுக்கு அதான் பேரு."

இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் அது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் முனிசிபாலிட்டி என்றுதான் சொல்வோம். உப்பளத்து அம்மா பழைய பிரெஞ்சுக் குடும்பம். அவர் சொன்னது 'மேரின்னு ஒண்ணு' இல்லை, 'மேரில ஒண்ணு' என்றுதான் இருக்கும். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் ஏட்டில் ஒரு பிறந்த தேதி, வீட்டில் ஒன்று. மேரியை முடிப்பது என்றால், அந்த ஆபீஸில் தேதியைத் திருத்தி வாங்குவது. இரட்டை என்று படித்ததும் அது வெளியே தெரிந்துவிட்டதாகப் பயந்திருக்கிறார். என் காதுதான் ஒரு பெண்ணை உண்டாக்கி, பேரும் வைத்து, அந்தப் பையனோடு சேர்த்து வைத்தது.

இதுவும் என் ஊகம்தான். ஒரு தரம் தப்பாகக் கேட்டவள், இன்னொரு தரம் தப்பாக யோசிக்கலாம். விழுப்புரத்தில் அவள் இருக்கிறாள், இப்போது தனியாக. இதுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. பாதி தெரிந்ததைச் சொல்லி இன்னொரு தரம் அவளைக் குலைக்க எனக்குத் துணிவில்லை. முனிசிபாலிட்டியில் பழைய ஏடுகள் இருக்கிறதாம், பிரெஞ்சில் எழுதியிருக்குமாம். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது போய், அந்தப் பையனுக்கு அங்கே இருந்தது இன்னொரு தேதியா, நிஜமாகவே இன்னொரு பெண்ணா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பேரை இங்கே எழுதமாட்டேன். வருகிறவர்களுக்குக் காதோடு சொல்கிறேன்.