படுக்கையறையில் கடை வெளிச்சம்

“இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா?” என்று சித்தி கேட்டார்.

“சாப்பாடு பளிச்சுன்னு தெரியுதில்ல, சாப்பிடு” என்றார் சித்தப்பா.

“பொழுது சாஞ்சது உடம்புக்குத் தெரிய வேணாமா? எப்படித் தூக்கம் வரும்?”

“அதுக்கு உன் மனசுதான் காரணம். என் பல்பு மேல பழி போடாத.”

அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் படித்தேன். விளக்குக் கடையில் விற்பனையாளரான சித்தப்பாவுக்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குதான் உசத்தி. படுக்கையறையிலும் அதுதான். அவர் பேச்சை நம்பித் தெருவில் பாதிப் பேர் அதையே மாட்டியிருந்தார்கள். தெருவே கண் சிவந்துதான் வேலைக்குப் போகும்.

ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் மங்கலான மஞ்சள் விளக்குகள் வைத்த மூலையில், சோபாவில் சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பப் போன முதலாளியை ஒரு வாடிக்கையாளர் தடுத்தார்.

“அவரு தூங்கட்டும். அந்த விளக்குல எனக்கு ரெண்டு குடுங்க.”

சித்தப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அவரே மஞ்சளுக்கு மாறினால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

“நான் கடைக்குப் போனதும் இதைப் படுக்கையறையில மாட்டிடும்மா. நீயே வாங்கினதாச் சொல்லிடு. சாயங்காலம் வந்து நான் கொஞ்சம் சத்தம் போடுவேன். கழட்டமாட்டேன்னு பிடிவாதமா நில்லு.”