டொக்டரின் வாசலில் கடைசி ஆள் யார்?

இன்று காலை கடையில்...

புஷ்பா அக்கா வந்து ஐந்து கிலோ அரிசிப் பை கேட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் விலையைக் குறைத்துவிட்டேன்! (படித்துவிட்டு மற்றவர்கள் ஓடி வரவேண்டாம். அது அவருக்கு மட்டும்தான்.)

ஐந்து கிலோ அரிசியில் என்ன அப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இத்தாலியில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் என் கடை. யார் என்ன வாங்குகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. புஷ்பா அக்கா பகலில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மா ஒருவரை, பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவர். அவருடைய சொந்த வீடு லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி.

எப்போதும் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், போன மாரியில் ஒரு கிலோ பக்கெற் கேட்கத் தொடங்கினார்.

வியாபாரிக்கு இது நல்ல செய்தி. பக்கெற்றில்தான் லாபம் கூட. ஆனாலும் மனம் கேட்கவில்லை, விசாரித்தேன்.

"படியிலை மூச்சு வாங்குது தம்பி. நடுவிலை இருந்திருந்துதான் ஏறுறன்."

டொக்டரிடம் காட்டினீர்களா என்றேன்.

பேர்ஸைத் திறந்து, டொக்டரிடம் இலவசமாகக் காட்டுவதற்கான சுகாதாரக் காட்டை எடுத்துக் காட்டினார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்ரிக் உறை போட்டு, கீறல் ஒன்று இல்லாமல் வைத்திருக்கிறார். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, கையில் கிடைத்த பிறகு வந்த காட். இத்தாலிக்காரன் வைத்திருக்கும் அதே காட்.

"காட் கிடக்குது. ஆனா எங்களை மாதிரி ஆக்களை அங்கை பாக்கமாட்டினம்."

வியாழன் பின்னேரம்தான் அவருக்கு லீவு. இரண்டு வியாழன் போயிருக்கிறார். வணக்கம் சொல்லி, மூலைக் கதிரையில் கை கட்டி இருந்திருக்கிறார், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று. பிறகு வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். பூட்டும் நேரம் ஆனதும் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்குப் பாதி சிரிப்பு, பாதி கோபம்.

இங்கே டொக்டர் வாசலில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. நம்பர் துண்டும் இல்லை. உள்ளே நுழைந்ததும் "கி ஏ லுல்திமோ?", கடைசி ஆள் யார் என்று சத்தமாகக் கேட்கவேண்டும். கை காட்டுகிறவருக்குப் பிறகு உங்கள் முறை. கேட்காமல் இருந்தால் நீங்கள் வரிசையிலேயே இல்லை. சந்தையில் மீன் பெட்டி தூக்கிய காலத்தில் ஏச்சு வாங்கி நான் படித்த பாடம் இது.

ஆனால் முழுப் பிழையும் அக்காவில் இல்லை. ஒரு இத்தாலிக்காரி அப்படிப் பேசாமல் இருந்திருந்தால், நீங்கள் யாருக்குப் பின்னால் என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் நிறத்தைக் கண்டால், யாரோ சிஞ்ஞோராவின் மருந்துச் சீட்டுக்கு வந்த வேலைக்காரி என்றே நினைத்துவிடுகிறார்கள்.

பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தேன்.

"சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு தம்பி."

"சண்டை இல்லை அக்கா. இஞ்சை அதுதான் வணக்கம்."

அடுத்த வியாழன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். வாய் திறக்கக் கூடாது என்று எனக்குத்தான் அக்காவின் கட்டளை. (என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.)

அக்கா கேட்டார். "கி ஏ லுல்திமோ?" கைத்தடி வைத்திருந்த ஒரு கிழவர் கையை உயர்த்தினார்.

கிழவர் உள்ளே போய் வந்ததும், பிந்தி வந்த கோட் போட்ட மனிதர் ஒருவர் எழும்பினார். தனக்கு ஒரு கையெழுத்து மட்டும்தானாம். சிஞ்ஞோராவின் மருந்துக்கு வந்தவர் கொஞ்சம் பொறுக்கலாமாம்.

ஒரு பதில் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அக்கா எழுந்து நின்றார். தன்னுடைய இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சிஞ்ஞோராவுக்கு இல்லை. வருத்தம் எனக்கு. முறையும் எனக்கு."

வாசல்வரை போன கிழவர் திரும்பி, இந்த அம்மா எனக்குப் பிறகுதான் என்று கைத்தடியால் நிலத்தில் தட்டினார். கோட் மனிதர் இருந்துவிட்டார்.

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர், கன நேரமாக அதை எடுக்கவே இல்லையாம். ஏன் முந்தியே வரவில்லை என்று கேட்டாராம்.

"வந்தனான். ரெண்டு தரம் வந்து வெளியிலை இருந்தனான்" என்று அக்கா சொல்ல, டொக்டருக்கு முகம் மாறிவிட்டதாம்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. அன்றைக்கே அவசரம் என்று எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இன்னும் பிந்தியிருந்தால் படியிலேயே விழுந்திருப்பார் என்று அங்கே சொன்னார்களாம்.

காட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் அந்த அறையில் எழுந்து நின்றது அக்கா. வியா மக்வேதா பெருந்தெருவில் பெரிய கடை திறந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்திருக்காது.

இன்று காலை கடையில் நல்ல சனம். வருத்தக்காரர் என்று அக்காவுக்கு முதலில் பையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன்.

"பொறும் தம்பி."

திரும்பி, மா அடுக்கியிருந்த மூலையில் பேசாமல் நின்ற ஒரு புதுப் பெண்ணைப் பார்த்தார். மன்னாரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும்.

"பிள்ளை, நீர் எனக்கு முந்தி வந்தனீர். வாயைத் திறந்து சொல்லும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

காட் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். உங்கள் டொக்டரின் முகம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?