காயமில்லாத உடல்

ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய விபத்துக் காப்பீட்டை நான் வாதாடித் தடுத்தேன். அவள் கணவன் திருவொற்றியூர் யார்டில், கன்டெய்னருக்குள் நின்று மூட்டை இறக்கும்போது வெப்பம் தாக்கி இறந்தவன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலாக, "உடலில் காயமே இல்லை, இது விபத்தல்ல, இயற்கை மரணம்" என்றேன். நீதிமன்றம் ஏற்றது.

வாசலில் அவள் மறித்தாள். "காயம் எங்கன்னு கேட்டியே நைனா, உச்சி வெயில்ல அந்தப் பொட்டிக்குள்ள நின்னு பாரு. வெந்து பூடுவ!"

வெந்து செத்தவனிடம் காயம் தேடிய என்மீது இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

நிறுவனத்தை விட்டபின், அதேபோல் இறந்த எர்ணாவூர்த் தொழிலாளியின் மனைவிக்காகக் கட்டணமின்றி நின்றேன். வெயிலும் வெளியிலிருந்து தாக்குவதுதானே, அதுவும் விபத்துதானே என்று கத்தினேன். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக என் பழைய வழக்கின் தீர்ப்பை வாசித்தார். அதில் நீதிபதி என் வாதத்தைப் பாராட்டிய வரியைக்கூட அவர் விடவில்லை.

தோற்றோம்.