மூன்று விதமான ‘க’

மக்களே, என் கையெழுத்தைப் பார்த்து “கொடி படர்ந்தது மாதிரி இருக்கு” என்கிறீர்கள். அந்தக் கொடி என் காலைச் சுற்றிய கதையைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தது பெரியப்பா. கோட்டாற்றில் சின்ன அச்சாபீஸ் வைத்திருந்தார். ஏழாங்கிளாசோடு படிப்பை நிறுத்தி அங்கே சேர்ந்தேன். அச்சடித்த கல்யாணக் காயிதத்தை ஊராருக்குக் கொடுக்கலாம். தாய்மாமன் வீட்டுக்குக் கொடுத்தால் மனஸ்தாபம். “எங்களுக்கு எழுத ஒங்களுக்குக் கை இல்லியோ?” என்று கேட்டுவிடுவார்கள். அதனால் மாமன்மாருக்குப் போகிறதை மட்டும் கையால் எழுதுவோம். எழுதுகிறவன் நான். மயிரிழை போலத் தொடங்கி, வளைவில் கொஞ்சம் பருத்து, அடுத்த எழுத்தைத் தொடப்போய்த் தொடாமல் நிற்கும் எழுத்து.

முகூர்த்த மாதத்தில் எழுந்திருக்கவே முடியாது. காயிதம் பறக்கும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார் பெரியப்பா. வேர்வை சொட்டாமலிருக்க மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொள்வேன்.

ஒரு பங்குனியில், குலசேகரத்திலிருந்து அக்காவைக் கட்டிய அத்தான் வந்தார். “ரப்பர் தோட்டத்துல பாலு அளக்க ஆள் கேக்கான். ஆடி கழியதுக்குள்ள வந்தியானா வேலை ஒனக்குத்தான்.” மரம், மழை, திறந்த வெளி. எனக்கு அன்றைக்கே பஸ் ஏற வேண்டும்போல இருந்தது.

பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் போயிருப்பேன்.

“போ மக்கா. ஒன் கைய மட்டும் இங்க வச்சிட்டுப் போ” என்று சிரித்தார். பிறகு வழியும் அவரே சொன்னார். எழுத்துகளைப் பெரிசாக வரைந்து கொடுத்தால் மதராசில் ஈயத்தில் வார்த்து வாங்கலாம். அப்புறம் நான் எதற்கு?

வரைந்தேன். கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியே. பக்கத்து எழுத்து இல்லாமல் வாலை எந்தப் பக்கம் நீட்டுவது என்றே தெரியவில்லை. எப்படியோ முடித்தேன். வைகாசியில் வார்ப்பு வந்து, அதில் அச்சடித்த முதல் கல்யாணக் காயிதமும் ஒரு மாமன் வீட்டுக்குப் போனது.

பெண்ணின் தாய்மாமன் அதைப் பிடித்துக்கொண்டு அச்சாபீசுக்கே வந்துவிட்டார்.

“இதுல உள்ள ‘க’வை எல்லாம் பாரும் வே! ஒண்ணுபோல ஒண்ணு, பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்கி. கையால எழுதினா ஒண்ணு சரியும், ஒண்ணு நிமிரும்லா? அச்சடிச்சதக் குடுத்து என்னைப் பொட்டனாக்கப் பாக்கியளோ? நான் கல்யாணத்துக்கு வரல்ல.”

பெரியப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் அவர் கண்முன்னாலேயே வேறொன்று எழுதிக் கொடுத்தேன். முகம் தெளிந்து போனார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். “ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு விதம் வரஞ்சிரு மக்கா. பொறவு போலாம்.”

சாய்ந்த க, நிமிர்ந்த க, அவசரத்தில் எழுதின க. அவசரத்தை நிதானமாக எப்படி வரைவது? வரைந்து வரைந்து கிழித்தேன். ஆடி போய்விட்டது. ஆவணி முகூர்த்தங்களுக்கோ பழையபடி கையால் எழுத வேண்டியிருந்தது. அத்தான் ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார். “வேற ஆள எடுத்துட்டான்லே. நான் எத்தன நாளு சொல்லி நிறுத்தி வைக்க?”

தையில் புது வார்ப்பு வந்தது. அதே மாமன், இன்னொரு கல்யாணக் காயிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இதுதாம்லே கை” என்றார்.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இனி நீ எங்க வேணும்னாலும் போலாம் மக்கா” என்றார். மனசாரத்தான் சொன்னார். எனக்குத்தான் போக இடமில்லை.

மறுநாள் எழுத்துப் பெட்டி முன்னால் நின்று என் கையெழுத்தையே பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன். சாய்ந்த க ஒன்று, நிமிர்ந்த க ஒன்று. ஒரே மாதிரி இரண்டு அடுத்தடுத்து வந்துவிடக் கூடாது.